நாலாம் வகுப்பில் ஒரு பிள்ளை

உயிலங்குளம்,
ஆவணி 2011

அன்பின் பிரேமினிக்கு,

நான் நல்ல சுகம். மண்டபம் முகாமில நீரும் மகள் நிவேதிகாவும் மாமியும் சுகம்தானே? மாமிக்கு முழங்கால் நோ குறைஞ்சுதோ?

எங்கட வீட்டுக்குச் சுவர் எழும்பீட்டுது. ஊர்ப் பள்ளிக்கூடமும் தகரக் கொட்டிலில திரும்பத் தொடங்கீட்டுது. இடம்பெயர்ந்த காலம் முழுக்க அது வேற பள்ளிக்கூடங்களில பின்னேரத்தில நடந்தது. பேரை மட்டும் விடேல்லை. இப்ப பிள்ளையளின்ர தொகை காணாதாம், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தோட சேர்க்கப்போகினமாம். வலயக் கல்விக் கந்தோர் அதிகாரியள் வந்து கூட்டம் வைச்சவை.

நான் எழும்பிச் சத்தம் போட்டன். சனம் உடன என்னையே பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கச் செயலாளர் ஆக்கிப்போட்டுது. வந்திருந்த கல்விப் பணிப்பாளர் அம்மா, "உங்கட பிள்ளை எத்தினையாம் வகுப்பு?" எண்டு கேட்டா. யோசிக்காமல் "நாலாம் வகுப்பு" எண்டிட்டன். பிள்ளை கடலுக்கு அங்கால எண்டு ஊருக்கே தெரியும். ஒருத்தரும் காட்டிக்குடுக்கேல்லை. பள்ளிக்கூட அதிபர்தான், "ஓம், வரப்போறா" எண்டார். பணிப்பாளர் அம்மா விளங்கிக்கொண்டு சிரிச்சா. "தை மாதம் புது வருசப் படிப்புத் தொடங்கேக்க வந்து பாப்பன்" எண்டா.

பயப்பிடாதையும், பிரச்சினை ஒண்டும் இல்லை. ஊருக்குத் திரும்பி வாறதை நீர் யோசிச்சு முடிவெடும். வந்தால் அங்கத்தைச் சீருடை வேண்டாம். இங்க வெள்ளைச் சட்டை, துணி அரசாங்கம் தரும்.

சீமெந்து குழைச்சாச்சு, மேசன் கூப்பிடுறார். சப்பாத்து நான் வாங்கி வைக்கிறன். பிள்ளையின்ர காலைக் கடதாசியில வைச்சுச் சுத்திவரக் கோடு கீறி அனுப்பும். நான் முகாமில இருந்து வெளிக்கிடேக்க இருந்த அளவுதான் எனக்குத் தெரியும்.

உம்மட,
யோகராசா