கேமராவை எடுத்த வளைவு

அன்புள்ள அப்பாவுக்கு யுரானி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முதுகுவலி குறைந்ததா? அங்கே நம் பாஸ்தோவில் மழை விட்டதா? நான் நன்றாக இருக்கிறேன்.

நான் வேலை செய்யும் அரேப்பா சோள ரொட்டிக் கடை வளைவில் இருந்த வேகக் கேமராவை லாரிக்காரர்கள் மறியல் செய்து எடுக்க வைத்துவிட்டார்கள். முன்பு அதற்குப் பயந்து மெதுவாக வருவார்கள். "ஏ பொண்ணு, இன்னைக்காவது வாயைத் திறப்பியா?" என்று கேலி செய்வார்கள். நான் சிரிப்பதோடு சரி. இப்போது யாரும் வேகத்தைக் குறைப்பதில்லை. நாள் முழுக்க என் முகத்தைப் பார்ப்பவர் முதலாளி நுபியா அம்மா மட்டும்தான்.

நேற்று தண்ணீர் எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தபோது ஒரு லாரி உரசிப் போனது. வாளிதான் நசுங்கியது. "வாளி கிடக்குது, நீ முழுசா இருக்கியாடி?" என்று நுபியா அம்மா கட்டிக்கொண்டார்.

என் மஞ்சள் சட்டையை அனுப்புங்கள். அது தூரத்திலிருந்தே தெரியும்.

அங்கேயும் கேமராவை எடுக்கச் சொல்லி, திங்களன்று பஸ் ஓட்டுநர்களோடு மறியலுக்குப் போவதாகப் போனில் சொன்னீர்கள். கேமராவால் விழும் அபராதம் அநியாயம்தான். ஆனாலும் போகாதீர்கள், அப்பா. அப்போது இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடிதம் கொண்டுபோகும் பஸ் எதிர்ப்பக்கம் வந்துவிட்டது. பார்த்துத்தான் கடப்பேன்.

உங்கள் மகள்,
யுரானி