ஒரு சகோதரிக்காக

பெப்ரவரி 18, புதன். விபூதிப் புதன்

காலை -19. யன்னலின் உள்பக்கமும் பனி. வேலைக்கு 6.40 பஸ். அதற்கு முன் வாட்ஸ்அப் குழுவுக்கு இன்றைய நற்செய்திச் சிந்தனை.

வாசகம் மத்தேயு 6. செபிக்கும்போது அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள் என்பது. வழக்கம்போல் குளிர்ச்சட்டைகள் தொங்கும் அலுமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்தினேன். அங்கேதான் குரல் தெளிவாகப் பதியும். பிறகு 163 பேருக்கு அனுப்பினேன்.

முதல் பதிவு சப்பென்று இருந்தது. போன கிழமை முழுக்க ஐந்தாறு இதயக் குறிதான் விழுந்தது. அதனால் இரண்டாம் முறை பதியும்போது முடிவில் ஒரு வேண்டுதல் சேர்த்தேன். "உயிரான ஒருவரைப் பறிகொடுத்த பின் விசுவாசத்தை இழந்து, பூசைக்கு வந்தும் உள்ளுக்குள் செபிக்க முடியாமல் இருக்கும் ஒரு சகோதரிக்காக." பெயர் சொல்லவில்லை. சொல்லவில்லைதானே.

மற்றில்டா அக்கா குழுவில் இருக்கிறார், ஆனால் ஒன்றும் கேட்பதில்லை. ஞாயிறு பஸ்ஸில்தான் எனக்குச் சொன்னார்: "டிலான் போன பிறகு மேல ஆருமில்லையெண்டு விளங்கீட்டுது. உன்னோட கதைச்சுக்கொண்டு வரலாமெண்டுதான் பூசைக்கு வாறன். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத." டிலான் அவருடைய ஒரே மகன். ஆறு வருடப் பழக்கத்தில் இப்போதுதான் மனம் திறந்தார்.

பின்னேரம்: 58 இதயம். "கண் கலங்கிட்டுது அக்கா." நெற்றியில் சாம்பலோடு பஸ்ஸில் இருந்து ஒவ்வொன்றாக எண்ணினேன்.

பெப். 19, வியாழன்

-14. தூவல் பனி. நான் சமைக்கும் கார்டெரியில், பிள்ளைகள் காப்பகத்தில், 46 பிள்ளைகளுக்குப் பருப்புச் சூப். ஒருவன் "பிக்கான்!", உறைக்குதாம், என்று அழுதான். ஒரு மிளகு கூடப் போடவில்லை.

மத்தியானம் ஜெசிந்தா அக்காவின் போன். செபமாலைக் குழுத் தலைவி, விட்டால் பாப்பரசருக்கே புத்தி சொல்லுவார்.

"ஸ்ரெல்லா, ஆரெண்டு நான் கேக்கேல்ல. மற்றில்டாதானே? பூசையில நன்மை அப்பம் எடுக்கிறதில்லை, கவனிச்சனான்."

"ஐயோ அக்கா, பேர் சொல்லக்கூடாது."

"அப்ப அவதான்."

இல்லை என்று ஒரு சொல். அது கூட வாயில் வரவில்லை. விஷயம் தெரிந்தவள் என்ற பெருமை எனக்கு. சீ.

பெப். 20, வெள்ளி

ஒருசந்தி, ஒரு நேரச் சாப்பாடுதான். பத்து மணிக்கு, ஒரு பிள்ளை மிச்சம் விட்ட மக்கரோனியை மறதியில் வாயில் போட்டுவிட்டேன். அதற்கு உடனே மனஸ்தாபப்பட்டேன். அதற்கு மட்டும்.

குழுவில் ஜெ. அக்கா: நாளை மூன்று மணிக்கு மாதா சொரூபத்தோடு ஒரு சகோதரியின் வீட்டைச் சந்திக்கிறோம். வரக்கூடியவர்கள் தனியாக அறிவிக்கவும்.

செய்ய வேண்டியவை:
பால், முட்டை
இவருடைய பிரஷர் குளிசை
தம்பியின் ஐந்தாம் ஆண்டுத் திவசம், மார்ச். பூசை ஒப்புக்கொடுக்க
மற்றில்டா அக்காவுக்குப் போன்

மூன்று தரம் போனை எடுத்தேன், மூன்று தரமும் வைத்தேன். சொன்னால், நான் வாய் விட்டது தெரிந்துவிடுமே.

பெப். 21, சனி

போனேன். நானும் போனேன்.

பதினொரு பேர். கம்பளியில் சுற்றிய மாதா, காரின் பின்பெட்டியில். மற்றில்டா அக்கா தலையில் எண்ணெயும் வீட்டுச் சட்டையுமாகக் கதவைத் திறந்தார். முதலில் ஒன்றும் விளங்கவில்லை அவருக்கு. "வாங்கோ, வாங்கோ" என்றார். வாசல் முழுக்கச் சப்பாத்து, உருகிய பனித் தண்ணீர்.

மாதாவை டிலானின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். இடம் காணவில்லை என்று படத்தைக் கொஞ்சம் தள்ளினார்கள்.

ஜெ. அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "விசுவாசம் ஒரு கொடை, மற்றில்டா. வெக்கப்படாம கேளும். தருவார்" என்றார்.

மற்றில்டா அக்கா ஜெ. அக்காவைப் பார்க்கவில்லை. நேரே என்னைப் பார்த்தார். பிறகு குசினிக்குள் போய்ப் பதினொரு பேருக்கும் தேத்தண்ணீர் போட்டார். எனக்கும்தான். சீனி குறைவாக, நான் குடிப்பது போலவே.

செபமாலையின் மூன்றாம் காரணிக்கத்தை என்னைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன், நல்ல குரலில்.

பெப். 22, ஞாயிறு

பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலி. கையுறையை அதில் வைத்துக்கொண்டு வந்தேன். கோவிலில் அவர் இருக்கும் கடைசி வாங்கும் காலி.

வாசகம் இயேசுவுக்கு வந்த சோதனை. ஆலயத்து உச்சியில் ஏற்றிவைத்து, குதித்துக் காட்டு என்று சாத்தான் சொன்னது. என்னை ஒருவரும் ஏற்றவில்லை. நானாக ஏறி, நாலு வருடமாகத் தினமும் குதித்துக் காட்டுகிறேன்.

மற்றில்டா அக்கா போன் எடுக்கவில்லை. செய்திக்கு, பார்த்ததற்கான நீலச் சரி இரண்டு. பதில் இல்லை.

பெப். 24, செவ்வாய்

நேற்று ஒப்புக்கு இரண்டு நிமிடம் பேசி அனுப்பினேன். இன்று அதுவும் இல்லை. வாசகம்: செபிக்கும்போது சும்மா வார்த்தைகளை அடுக்காதே. இதற்குமேல் நான் என்ன சிந்தனை சொல்ல?

ஒன்பது பேர் விசாரிப்பு. "காய்ச்சலோ அக்கா?" தொண்டை என்று எழுதினேன். பொய்.

பெப். 26, வியாழன்

வேலை முடிந்து நேரே மற்றில்டா அக்கா வீட்டுக்கு. தட்டுங்கள், திறக்கப்படும் என்று இன்றைய வாசகம். திறந்தார், சங்கிலியைப் போட்டபடி.

"சிலையும் வந்ததோ?"

"நான் மட்டும்தான் அக்கா."

உள்ளே விட்டார். தேத்தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. டிலானின் படம் பழைய இடத்துக்கு வந்திருந்தது.

"அக்கா, குழுவில எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேக்கிறன்."

"என்னெண்டு கேப்பாய்? மற்றில்டா அக்கா மன்னியுங்கோ எண்டோ? பதினொரு பேருக்குத் தெரிஞ்சது மிச்சப் பேருக்கும் தெரியட்டுமெண்டோ?"

யோசிக்கவே இல்லை நான். மன்னிப்புக் கேட்பதைக்கூட அழகாகப் பதிந்து அனுப்பத்தான் நினைத்திருக்கிறேன்.

"ஜெசிந்தா நேற்றும் போன் எடுத்தவ. ஒன்பது நாள் நவநாளாம், இஞ்சதானாம். என்ர பிள்ளையின்ர படத்துக்கு முன்னால நிண்டு என்னைத் திருத்தப் போகினமாம்." குரல் உயரவில்லை. "உனக்கு மட்டும்தானேயடி சொன்னனான்."

"நான் என்ன செய்ய? சொல்லுங்கோ, செய்யிறன்."

டிலானின் படத்துக் கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்தார்.

"அந்தச் சகோதரி நீதானெண்டு சொல்லு. உனக்கும் தம்பி செத்தவன்தானே. நம்புவினம். என்னை விட்டுடுவினம்."

ஓம் என்றேன். படி இறங்கும்போதே கால் பின்வாங்கியது. நானா? ஒவ்வொரு நாளும் நற்செய்தி சொல்லுகிற நானா விசுவாசம் இல்லாதவள்? சனம் என்ன சொல்லும்? அவர் வீட்டுக்குள் பதினொரு பேராகப் போனபோது இந்தக் கேள்வி வரவில்லை.

இவரிடம் எல்லாம் சொன்னேன். "செய்யத்தான் வேணும்" என்றார்.

பெப். 27, வெள்ளி

-8. குளிர் விட்டிருக்கிறது. வாசகம்: பீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு, முதலில் போய்ச் சமாதானம் செய்துகொள். வேறு நாள் என்றால் இதற்கு நல்ல உதாரணமாக ஒன்றைத் தேடியிருப்பேன்.

குசினி மேசையில் இருந்து பதிந்தேன். ஆறு தரம் அழித்தேன். ஒன்றில் அழுகை, ஒன்றில் நடிப்பு, மற்றதுகளில் இரண்டும். சொல்ல வேண்டியது ஒரே வசனம். விபூதிப் புதனன்று நான் வேண்டிக்கொண்ட சகோதரி வேறு ஒருவரும் இல்லை, நான்தான்.

ஏழாம் தரம் அதைச் சொல்லி முடித்தேன். வாய் நிற்கவில்லை. "தம்பி போன பிறகு நான் ஒரு நாளும் தனியாகச் செபிக்கவில்லை. உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்." இது மற்றில்டா அக்கா கேட்டது இல்லை. நான் நினைத்து வைத்ததும் இல்லை.

6.05க்கு அனுப்பினேன். நீலச் சரிகள் ஒவ்வொன்றாக. இதயம் ஒன்றும் இல்லை.

இவர் பல் தீட்டிய வாயோடு குசினி வாசலில் வந்து நின்றார். நாலு வருடத்தில் என் சிந்தனை ஒன்றைக்கூடக் கேட்காத மனுஷன்.

"மற்றில்டா அக்காவுக்காகத்தானே அப்பிடிச் சொன்னனீர்?"

ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.