நெய்ப்பந்தம் பிடிக்க ஒரு பேரன்

பர் துபாய்,
மார்ச் 2004

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு நீ அச்சடித்த வம்சாவளி கிடைத்தது. கட்டிக்கொடுத்த அத்தைகள்கூட அதில் இருக்கிறார்கள். அப்பாவுக்குக் கீழே மட்டும் நீ ஒருவன்தான். உனக்குக் கீழே யாரும் இல்லை.

இங்கே என் மேனேஜர் அமெரிக்கர். அந்த நாட்டில் முதன்முதலாகக் கப்பலில் போய்க் குடியேறிய தன் முன்னோரைத் தேடிக்கொண்டிருக்கிறார். அதற்கான கடிதங்களை டைப் செய்வது நான். அப்படிப் போன கிழவர், தன் பேச்சை மீறிக் கல்யாணம் செய்த மகளின் பெயரை உயிலிலிருந்து அடித்துவிட்டாராம். மகன்களின் வம்சம் இரண்டு தலைமுறையில் அற்றுப்போனது. மேனேஜர் அந்த மகளின் வழியில் வந்தவர். அவள் பெயர் கிடைத்த அன்று ஆபீஸுக்கே கேக் வாங்கிக் கொடுத்தார்.

நீ தெரிந்த பெயரை அடித்திருக்கிறாய்.

அதே கவரில், அப்பா இனித் தாங்கமாட்டார், பாடையைச் சுற்றி நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரன் வேண்டும், பையனை மட்டும் அனுப்பு என்று எழுதுகிறாய். அப்பா என்னைக் கேட்டாரா என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கப்போவதில்லை.

"பெரியவரு பாவம், லீவு சொல்லிட்டு நீயும் போயிட்டு வா" என்கிறார் என் வீட்டுக்காரர். நீ வாசலிலேயே நிறுத்தி அனுப்பினாயே, அதே மனிதர்தான்.

என் மகனின் பெயரைக்கூட நீ இதுவரை கேட்டதில்லை. பந்தம் பிடிக்க ஆள் வேண்டுமென்றால் உன் வம்சாவளியில் தேடிப் பார்.

அதில் இல்லாத
உன் தங்கை