சேற்றுக் குழாயின் மேல்பக்கம்

செம்பாக்கம்,
29.10.93

அன்புள்ள உங்களுக்கு,

ரமாவின் நமஸ்காரம். இங்கே எல்லோரும் சௌக்கியம். போர்ட்பிளேரில் நீங்கள் கப்பல் ஏறுவதற்குள் இது கிடைக்க வேண்டும். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

ஒரு தப்பு செய்துவிட்டேன். போன தடவை கடலடியில் செருகிச் சேறோடு எடுத்த, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் குழாயை, ஆய்வுக்கூடத்தில் இடமில்லையென்று நம் அலமாரியில் வைத்தீர்களே, ஆயுத பூஜைக்கு உங்கள் சுத்தியலோடு அதையும் மண்ணெண்ணெய்த் துணியால் பளிச்சென்று துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துப் படுக்கப்போட்டேன். புதன்கிழமை அதை எடுத்துப்போக வந்த உங்கள் சகா கிட்டு, மேல்பக்கம் காட்டும் அம்புக்குறி எங்கே என்று கேட்டார். அது துணியோடு போயிருக்கிறது. தலைகீழாகப் பார்த்தால் பழைய பூகம்பம் புதியதாகிவிடும், மூன்று வருஷ உழைப்பும் வீண் என்றார்.

அழுது முடித்துவிட்டு யோசித்தேன். பூகம்பத்தில் கடலடிச் சரிவு குலுங்கினால் மணல் சரிந்து வந்து படியும் என்பீர்களே. எப்படிப் படியும்? ஏரிக்கரையிலிருந்து மணலும் சேறும் அள்ளி வந்து, ஊறுகாய் பாட்டிலில் தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்தேன். வேலைக்கு வரும் கிளியம்மாள், இன்னாம்மா, சேத்தப் போய் இப்படி பாத்துகினு கீறீங்க என்று சிரித்தாள். பருமணல் முதலில் இறங்கியது, அதன்மேல் பொடி மணல், கடைசியில் சேறு. பிறகு அவளும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்தாள்.

குழாய்க்குள் மூன்று மணல் பட்டைகள் தெரிகின்றன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததில் இரண்டில் பருமணல் ஒரே பக்கம் இருக்கிறது. அப்படியானால் அதுதானே அடிப்பக்கம்? மூன்றாவதில் பருமணல் எந்தப் பக்கமென்று பிடிகொடுக்கவில்லை. பட்டைக்கும் பட்டைக்கும் நடுவில் நாலு விரல் சேறு. நாலு விரல் படிய எத்தனை வருஷம் ஆகும்? போன மாதம் கில்லாரி பூகம்பத்தில் தூங்கியவர்கள்மேல் வீடு விழுந்ததே, அங்கேயும் முன்பு குலுங்கியது மண்ணுக்குள் பதிந்திருக்குமா? நீங்கள் இதையெல்லாம் சொன்னபோது கொட்டாவி விட்ட என்னைச் சொல்ல வேண்டும்.

இன்று கிட்டு மறுபடி வந்தார். "ரெண்டு பட்டை போதும் மன்னி, அம்புக்குறி போட்டுடலாம், யாருக்குத் தெரியப்போறது" என்றார். மூன்றாவதற்குப் பதில் தெரியாமல் போட விடமாட்டேன் என்று சொல்லி, குழாயைக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். நீங்கள் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். திட்டுவதானால் கடிதத்தில் வேண்டாம், வீட்டுக்கு வந்து திட்டுங்கள்.

இத்தனை நாள் நீங்கள் கப்பலில் போனால் புயலுக்கு மட்டும்தான் பயந்தேன். இப்போது அடியில் இருப்பதும் தெரிந்துவிட்டது. நீங்கள் திரும்பி வரும்வரை அந்தக் கடலடி மணல் சரியாமல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

உங்கள்,
ரமா