அன்ரனாவும் போன வருடத்துத் தேரும்

16.06, செவ்வாய்

சோளகம். விடிந்ததிலிருந்து ஒரே காற்றிரைச்சல். கிணற்றடியில் காயப்போட்ட சேலை வாழைக்குள் போய்க் கிடந்தது. எடுத்து மறுபடி அலம்பினேன்.

தபால் கந்தோரில் கூட்டம் இல்லை. முத்திரை, சீல், முத்திரை, சீல். ஒரு வயோதிபர் கவுண்டரில் குனிந்து, "பிள்ளை, சுகமோ?" என்றார். ஓம் என்றேன். இப்போது எல்லாவற்றுக்கும் ஓம்தான். ஓம் என்றால் பிறகு ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

இரவுக்குப் பாண், நேற்றைய பருப்பு. வாங்க வேண்டியது: தேயிலை, சவர்க்காரம், விளக்குத் திரி.

18.06, வியாழன்

காற்று கொஞ்சம் குறைவு. மாம்பழம் ஒன்று விழுந்து கிடந்தது. பாதி அணில் தின்றது, மீதி நான்.

பின்னேரம் கறிவேப்பிலை ஒடிக்கப் போனபோது வேலிக்கு அந்தப் பக்கம் மலர் அக்கா. பக்கத்து வீடு. அடுத்த கிழமை மகளுக்குக் கலியாணம், நேற்றுக் கன்னிக்கால் நட்டுவிட்டார்கள். அதைப்பற்றிச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"நேற்று ரீவியிலை உம்மடை மனிசனைக் கண்டனான்."

இவர் மாசியில் செத்துப்போனவர். ஆனியில் கண்டேன் என்கிறார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கறிவேப்பிலையை உருவிக்கொண்டே நின்றேன்.

விசயம் இதுதான். நம் அம்மன் கோயில் கொடியேற இன்னும் கொஞ்ச நாள்தான். அதனால் உள்ளூர்ச் சனலில் போன வருடத்துத் தேரைத் திருப்பிப் போடுகிறார்கள். வடம் பிடிக்கிற ஆட்களுக்குப் பின்னால் இவர் நிற்கிறாராம். தலையில் பச்சைத் துண்டு. கிட்டத்தில் காட்டுகிறார்களாம்.

"ஞாயிற்றுக்கிழமை காலமை இன்னொருக்காப் போடுவினமாம். வந்து பாருமன்" என்றார். சொன்ன கையோடு வாசலில் நிற்கிற கன்னிக்காலைத் திரும்பிப் பார்த்தார். வருடம் திரும்பி ஆட்டைத்திவசம் முடியாத வீட்டுக்காரி நான். கலியாண வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"பரவாயில்லை அக்கா. எங்கடை வீட்டிலையும் ரீவிக்குப் போடுற டிஜிற்றல் பெட்டி ஒண்டு கிடக்குது" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று தெரியாது. அந்தப் பெட்டியில் ஒருநாளும் படம் நிலைத்ததில்லை.

19.06, வெள்ளி

வெயில். வெள்ளிக்கிழமை என்று வீடு கழுவினேன். இடுப்பு நோகிறது.

பெட்டி அலுமாரிக்கு மேல், மட்டைப் பெட்டிக்குள்ளேயே. றிமோட்டின் பொலித்தீன்கூடப் பிரிக்காமல். ரீவிக்கு மேல் செத்தவீட்டன்று மூடிய துணி அப்படியே இருக்கிறது. முப்பத்தொன்றாம் நாள் முடிந்ததும் எடுக்கலாம் என்றார்கள். எடுக்கத் தோன்றவில்லை. எடுத்து என்ன பார்க்க?

போன வருடம் தேருக்கு முன்தான் இவர் இதை வாங்கிவந்தார். கேபிளை நிற்பாட்டிவிட்டு, இனி எல்லாம் யாழ்ப்பாணத்துப் புதுக் கோபுரத்திலிருந்து சும்மா வரும், அன்ரனாவைத் திருப்பினால் போதும் என்றார். பழைய கம்பத்தில் ஏறினார். நான் யன்னலடியில், ரீவியைப் பார்த்துக்கொண்டு.

"வருதோ?"
"இல்லை."
"இப்ப?"
"இல்லை."
"இப்ப?"
"வந்தது, வந்தது, ஐயோ போட்டுது."

பின்னேரம் முழுக்க இதுதான். முந்தின ரீவியில் படம் புள்ளி புள்ளியாக என்றாலும் வரும். திருப்பத் திருப்பத் தெளியும். இது அப்படியில்லை. வந்தால் கண்ணாடி, வராவிட்டால் கறுப்பு. நடுவில் ஒன்றுமில்லை. இவருக்கு அதுதான் கோபம். "கிட்ட வந்திட்டன் எண்டாவது சொல்லவேணுமே, உது என்ன சாமான்?" என்று கம்பத்திலிருந்து பெட்டியை ஏசினார். கடைசியில் என்னையும் ஏசினார். இரவு இரண்டு பேரும் கதைக்கவில்லை. காலையில் தானே பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வந்து தந்தார்.

தேரன்று எனக்குக் கால் சுளுக்கு. போகவில்லை. ரீவியைப் போட்டுவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். இவரிடமிருந்து போன் வந்தது. பின்னால் பறை, சங்கு, சனத்தின் சத்தம்.

"நான் கமராவுக்கு முன்னாலை நிக்கிறன். தெரியுதோ?"

"இல்லை. கறுப்பாத்தான் கிடக்குது. வெயிலுக்கை நிக்காமல் வாங்கோ."

அவ்வளவுதான். பெரிய கதை ஒன்றுமில்லை. வந்து சோறு தின்றுவிட்டுப் படுத்தார். அன்றே பெட்டியை மட்டைக்குள் வைத்துவிட்டார்.

இரவு முகநூலில் தேடினேன். தேர் கிளம்புகிற இடத்தை மட்டும் வெட்டிப் போட்டிருக்கிறார்கள். இவர் இல்லை.

சுவரில் இருக்கிற படம் அடையாள அட்டையில் இருந்து பெருப்பித்தது. யாரையோ முறைக்கிறார். நடக்கிற இவர், கையை ஆட்டிக் கதைக்கிற இவர் எங்கேயும் இல்லை. தோளில் மண்வெட்டியோடு எப்படி நடப்பார் என்று முந்தாநாள் யோசித்துப் பார்த்தேன். வரவில்லை. வேறு யாரோ நடந்தார்.

செத்தவீட்டில் நான் அழவில்லை என்று ஊரில் கதை. எனக்குத் தெரியும். "கல்லு மாதிரி இருந்தாள்" என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. இன்றுவரைக்கும் கண்ணீர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை இவரைப் பார்த்தால் வருமோ என்று பார்க்கவேண்டும். பார்த்தும் வராவிட்டால்? அதுதான் பயம். வேறு ஒன்றுக்கும் இப்போது பயமில்லை.

ரூபனுக்குப் போன் எடுத்தேன். இவருடைய தம்பி, காங்கேசன்துறைத் துறைமுகத்தில் வேலை. நாளை வருகிறானாம்.

20.06, சனி

மறுபடி சோளகம். கண்ணெல்லாம் தூசி.

ரூபன் பத்து மணிபோல் வந்தான். கையில் மீன் பை. துடக்கு வீட்டுக்கு மீனோ என்று மலர் அக்கா வேலிக்குள்ளால் பார்த்தார். சாவுத் துடக்கு எப்போதோ கழிந்துவிட்டது. நான்தான் மரக்கறியோடு நின்றுவிட்டேன். குசினிக்குள் வைத்தேன்.

துணியை அவன்தான் எடுத்தான். உதறினான். நான் பார்க்காமல் நின்றேன். பெட்டியை ரீவியோடு இணைத்துப் போட்டான். கறுப்பு. 'சிக்னல் இல்லை'.

"அன்ரனா இன்னும் பழைய கோபுரம் நிக்கிற வன்னிப் பக்கம் பாத்துக்கொண்டு நிக்குது அண்ணி. அண்ணை கடைசியிலை கோவத்திலை பழைய இடத்திலையே விட்டிட்டார் போலை."

ஏறினான். நான் அதே யன்னலடியில். போன வருடத்துக் கூத்து மறுபடி.

"வருதோ?"
"இல்லை."
"இப்ப?"
"இல்லை."
ஒருக்கால் வந்தது. ஒரு பெண் செய்தி வாசித்தாள். "வந்தது" என்பதற்குள் போய்விட்டது. அவன் பின்னால் திருப்பினான். இல்லை. முன்னால். இல்லை. கழுத்து வரைக்கும் வேர்வை. இவருடைய சத்தமும் அவனுடைய சத்தமும் ஒன்றுதான், இன்றைக்குத்தான் கவனித்தேன். மேலிருந்து கூப்பிட்டால் யாரென்று சொல்லமுடியாது.

அதற்குப் பிறகு எனக்குப் பதில் சொல்ல ஏலாமல் போய்விட்டது. கவலை என்று இல்லை. வாய் திறக்க அலுப்பு. "இப்ப?" என்றான். நான் பேசவில்லை. "அண்ணி, இப்ப?" பேசவில்லை. அவன் கையை எடுத்துவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். கறுப்பு, கறுப்பு. கொஞ்சம் பொறுத்துப் படம் வந்தது. அப்படியே நின்றது.

பெட்டிக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். அவ்வளவுதான் சங்கதி. திருப்பிவிட்டுச் சும்மா நிற்கவேண்டும். நாங்கள் எல்லோரும் முந்தின பழக்கத்தில் கத்திக் கத்தி அந்த இடத்தைத் தாண்டிக்கொண்டே இருந்திருக்கிறோம். போன வருடம் நான் கொஞ்சம் மந்தமாக இருந்திருந்தால் அன்றே வந்திருக்கும்.

ரூபன் இறங்கி வந்து, "சும்மா இருந்தே பிடிச்சிட்டீங்கள்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன் போல. முகம் இழுத்தது.

மீன் குழம்பு வைத்தேன். உப்புக் கூடிவிட்டது. என்றாலும் அவன் இரண்டு தரம் போட்டுத் தின்றான். கோழிகளுக்கும் கொஞ்சம்.

"நாளைக்கு நானும் வந்து பாக்கிறன் அண்ணி. அண்ணையைப் பாத்துக் கனநாள்." பிறகு தான் சொன்னது என்னவென்று தனக்கே விளங்கி, செருப்பைத் தேடினான்.

21.06, ஞாயிறு

இரவு முழுக்கக் காற்று. கூரையில் தென்னோலை விழுந்தது. விடிய எழும்பி முதல் வேலையாக ரீவியைப் போட்டேன். கறுப்பு. முற்றத்துக்குப் போய்ப் பார்த்தால் அன்ரனா கொடிகாமம் பக்கம் திரும்பி நிற்கிறது. கம்பத்தைப் பிடிக்கிற பழைய கிளிப் உடைந்து நிலத்தில்.

ரூபன் எட்டு மணிக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமை, புதுக் கிளிப் வாங்கக் கடை இல்லை. கயிற்றால் கட்டிப் பார்த்தான். காற்று அடிக்க அடிக்கக் கம்பம் சுழன்றது. படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றது. பிறகு கறுப்பு.

ஒன்பதுக்கு மேளச் சத்தம் வேலிக்கு அங்கால். மலர் அக்கா தன் ரீவிச் சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறார், எனக்கும் கேட்கட்டும் என்று. தொடங்கிவிட்டது.

"நீங்கள் உள்ளுக்கை போங்கோ அண்ணி. நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்."

"அப்ப நீ எப்பிடிப் பாக்கிறது?"

"பரவாயில்லை. போங்கோ."

மேலே ஏறி, கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். கட்டியிருந்த சாரம் காற்றில் படபடவென்று அடித்தது. நான் உள்ளே வந்து கதிரையில் இருந்தேன். சும்மா இருந்தேன். படம் வந்தது.

தேர் கிளம்புகிற முட்டி. சனம். தேங்காய் உடைக்கிறார்கள். எனக்குத் தெரிந்த முகங்கள், ஒரு வருடம் இளமையாக. தவில்காரரின் வயிறு. பிறகு வடம். வடத்துக்குப் பின்னால் பச்சைத் துண்டு.

இவர்.

காதில் போன். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நேரே என்னைப் பார்க்கிறார். மற்றக் கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டுகிறார். பஸ்ஸில் போகிற ஆளுக்கு ஆட்டுவதுபோலப் பெரிதாக. இவர் கை ஆட்டியது எனக்குத் தெரியாது. போனில் அதைச் சொல்லவில்லை.

ஏதோ கேட்கிறார். என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். கை இன்னும் ஆடுகிறது. பிறகு நின்றது. நான் 'இல்லை' என்று சொன்ன இடம். மேலேயே கொஞ்சம் நின்று, பிறகு அந்தக் கையாலேயே துண்டைச் சரிசெய்தார், சும்மா அதற்குத்தான் தூக்கியதுபோல. பக்கத்தில் நின்றவர் பார்த்தாரோ என்று ஒரு பார்வை. சிரித்தார். தலையை ஆட்டிக்கொண்டு தண்ணீர்ப் பந்தல் பக்கம் நடந்தார். இடது தோளைக் கொஞ்சம் இறக்கி. ஓம், அப்படித்தான் நடப்பார்.

பிறகு தேர் மறைத்துவிட்டது.

மேலேயிருந்து சத்தம். "தெரியுதோ?"

ரூபன்தான். தெரியும், ரூபன்தான்.

"தெரியுதோ?"

கன்னத்தைச் சேலையால் துடைத்துவிட்டு யன்னலடிக்கு எழும்பிப் போய்ச் சொன்னேன்.

"ஓம். தெரியுது."