கண்ணாடிக்குள் கவிழ்ந்த கார்

இலுப்பூர்
செவ்வாய்க்கிழமை

அன்பு மாப்பிள்ளை கோபிநாத்துக்கு,

மாமன் சேவுகன் எழுதுவது. இங்கே உன் அம்மா, உன் தங்கச்சி அருணா, குழந்தை ஹரிணி எல்லாரும் உடம்பளவில் சுகம். குவைத்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் அலையாமல் இருக்க வேண்டும். வழக்கம்போல 'கருப்பர் துணை' என்று மேலே போடத்தான் பேனாவை எடுத்தேன். இப்போதைக்கு அந்தப் பேரை எழுதக் கை கூசுகிறது. ஏன் என்று கீழே வரும்.

நான் எத்தனையோ தடவை போன் போட்டும் நீ எடுக்கவில்லை. எடுக்காததில் தப்பில்லை. சொந்தக்காரர் வாட்சப் குரூப்பில் சுற்றுகிற வீடியோவை நீயும் பார்த்திருப்பாய். அதற்குப் பாட்டுச் சேர்த்துப் போட்ட புண்ணியவான் நம்ம நாகராசு. அவன் கல்யாணத்துக்கு ஊர்வலக் காரை ஓட்டினவன் நான். சரி, கார் இல்லை, என் லோடு வண்டிதான். போனில் பேசினால் வழக்கம்போல நாலைக் கூட்டிச் சொல்லுவேன், நீயும் சிரிப்பாய், விஷயம் அதோடு போய்விடும். அதனால்தான் காகிதம். நம்ம ஊர்ப் பிரசாந்த் லீவு முடிந்து வியாழக்கிழமை குவைத் திரும்புகிறான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். என் படிப்பு எட்டாவதுதான். ஆனால் அந்தக் காலத்து எட்டாவது இந்தக் காலத்து பி.ஏ.வுக்குச் சமம் என்பது உனக்குத் தெரியும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் நல்ல சேதி. ஹரிணி காதுகுத்துக்கு நம் வீட்டுச் சீர் தட்டு நூற்றுக்குக் குறையாது. குடுமியான்மலைப் பக்கம் அப்படி ஒரு சீரை யாரும் பார்த்ததில்லை என்று ரோட்டில் போனவர்களே நின்று சொன்னார்கள். நூறு என்பது அதிகம்தான். ஆனாலும் இருபத்தொன்றுக்குக் குறைவில்லை. பட்டுப்பாவாடை, வளையல், பழம், நீ அனுப்பிய தோடு எல்லாம் தட்டில் நிறைந்துதான் இருந்தது. நீ வர முடியாத குறை தெரியாமல் உன் அம்மா ஓடி ஓடிச் செய்தாள்.

ஹரிணிக்குத் தாய்மாமன் நீ. உன் மடியில் உட்கார்ந்துதான் அவள் காது குத்திக்கொள்ள வேண்டும். உனக்கு லீவு கிடைக்கவில்லை. "எங்க மாமா உக்காரட்டும், அவரு மடியும் என் மடியும் ஒண்ணுதான்" என்று நீதான் சொன்னாய். அதைக் கேட்டு நான் எப்படி நடந்தேன் என்று ஊரைக் கேள். புது வேட்டி வாங்கினேன். டீக்கடையில் எல்லாரிடமும் சொன்னேன். அந்த மடியைத்தான் நான் கெடுத்துவிட்டேன், மாப்பிள்ளை.

போன லீவில் நீ மாடி அறையில் மாட்டி வைத்துப் போனாயே கம்ப்யூட்டரும் வி.ஆர். கண்ணாடியும், நீ போனதிலிருந்து அதைத் துடைத்து வைப்பதும் ஆளுகளுக்குக் காட்டுவதும் நான்தான். கிளம்புகிற அன்று நீ சொன்னது ஒரு சொல் விடாமல் எனக்கு நினைவிருக்கிறது. "மாமா, இந்தக் கடலு, மீனு எல்லாம் கண்ணாடிக்குன்னே செஞ்சது. அதுல ஒண்ணும் பண்ணாது. இந்தக் கார் கேமு நான் ஸ்கூல் படிக்கிறப்ப வெளையாடுனது, கண்ணாடிக்குச் செஞ்சதில்ல. நான்தான் உள்ள கொண்டாந்து வச்சிருக்கேன். சினிமாத் திரை மாதிரி எட்டி நிறுத்தி வெளையாடுங்க. காருக்குள்ள உக்காந்து ஓட்டுற மாதிரி ஆக்குற பட்டனை மட்டும் தொட்டுறாதீங்க. கண்ணு ஓடும், ஒடம்பு ஓடாது, கொடலைப் பொரட்டிரும்" என்றாய். நான் என்ன சொன்னேன்? காஷ்மீர் வரைக்கும் லாரி ஓட்டினவனுக்குக் குடல் புரட்டுமா என்றேன். நான் விஜயவாடாவைத் தாண்டியதில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். காதுகுத்துக்கு முந்தின மாதமே யாருக்கும் தெரியாமல் அந்தப் பட்டனை அமுக்கிப் பார்த்தேன். கார் திரும்புகிற இடத்தில் எல்லாம் என் வயிறு தனியாகத் திரும்பியது. மத்தியானம் முழுக்கக் குப்புறப் படுத்துக் கிடந்தேன். உன் அம்மாவிடம் வெயில் தாக்கிவிட்டது என்று சொன்னேன். ஆக, தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

காதுகுத்து அன்று காலையில் அரிமளத்திலிருந்து அருணாவின் மாமனார் அறிவுச்செல்வன் சம்பந்தி, ஆட்களோடு வந்து இறங்கினார். டிபன் முடிந்தது, வேன் வர நேரமிருந்தது. மாடிக்கு அழைத்துப் போய் அவருக்குக் கண்ணாடியை மாட்டிக் கடலைக் காட்டினேன். திமிங்கலம் பக்கத்தில் வந்ததும் மனிதர் கையைக் கூப்பிவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். நம்ம காரையும் பாருங்கள் என்று நான் மாட்டிக்கொண்டு, நீ சொன்ன மாதிரி திரையை எட்டி நிறுத்தித்தான் ஓட்டிக் காட்டினேன். அவரும் மாட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றிக் கொடுத்தார். "இது டிவில பாக்குற மாதிரிதானே சம்பந்தி இருக்கு? இதுக்கா இம்புட்டு பில்டப்பு? நீங்க உள்ள உக்காந்து ஓட்டுவேன்னுல்ல சொன்னீங்க?" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

அமுக்கிவிட்டேன்.

அவர்களுக்குக் கம்ப்யூட்டர் திரையில் தெரிகிறது, எனக்குக் கண்ணுக்குள் தெரிகிறது. பழைய கேம் அல்லவா, ரோடு வெட்டி வெட்டி வருகிறது. நான் தலையை ஒரு பக்கம் திருப்பினால் கார் வேறு பக்கம் திரும்புகிறது. வேர்த்துக் கொட்டியது. "மாமா, வேன்காரரு ஹாரன் அடிச்சிக்கிட்டே இருக்காரு, அதைக் கழட்டிப் போட்டுட்டு வாங்க" என்று அருணா படியிலிருந்து கூப்பிட்டாள். "இந்தா வாரேன் ஆத்தா, ஒரே ஒரு வளைவு" என்றேன். அந்த வளைவில் கார் தடுப்பில் மோதிக் கவிழ்ந்தது. வானம் காலுக்குக் கீழே போனது, ரோடு தலைக்கு மேலே வந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடியைக் கழற்றிய பிறகும் அறை சுற்றிக்கொண்டே இருந்தது. கைதட்டினார்கள். நானும் சிரித்தேன்.

வேனில் உன் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "என்னடா தம்பி, மொகம் வெளிறிக் கெடக்கு?" என்றாள். சீர் வேலையில் சரியாகத் தூங்கவில்லை அக்கா என்றேன். அப்போது உண்மையைச் சொல்லியிருந்தால் கோயில் வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் படுக்க வைத்திருப்பாள். காது குத்த நேரம் இருக்கத்தான் செய்தது. சம்பந்தி முன்னால் படுப்பதா என்று நினைத்தேன்.

கருப்பர் சந்நிதிக்கு எதிரே பாய் விரித்து என்னை உட்கார வைத்தார்கள். ஹரிணி மடிக்கு வந்தாள். ஆசாரி வலது காதைக் குத்தினார். பிள்ளை வீறிட்டு உதறினாள். சாம்பிராணிப் புகை வேறு. நான் கண்ணை மூடினேன், மூடியதும் அந்த ரோடு திரும்ப வந்துவிட்டது. உடம்பு தன்னால் முன்னும் பின்னும் ஆடியது. அருணா ஓடிவந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். இல்லையென்றால் என் கையிலிருந்து நழுவியிருப்பாள். அந்த ஆட்டத்தில் ஊசி பிள்ளை கன்னத்தில் லேசாகக் கீறியது. இப்போது ஆறிவிட்டது. அதை நீ நம்பலாம், அருணாவே சொன்னாள்.

அந்த நேரம் பார்த்துக் கூட்டத்திலிருந்து மூக்காயி அத்தை, "ஆத்தாடி, சேவுகனுக்குச் சாமி வந்திருச்சு!" என்று குரல் கொடுத்தது. பொம்பளைகள் குலவை போட்டார்கள். மாப்பிள்ளை, அந்த ஒரு நிமிஷம்தான். தலை சுற்றுகிறது, தண்ணீர் கொடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வாயில் வந்தது வேறு. "வந்திருக்கேன்டா" என்று சொன்னேன். குரலைக்கூட மாற்றிக்கொண்டேன்.

உடனே விபூதித் தட்டு வந்தது. மாலை விழுந்தது. காலையில் என்னைப் பார்த்துச் சிரித்த சம்பந்தி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என் முன்னால் மண்டியிட்டார். அவருடைய மூத்த மகன் கோபித்துக்கொண்டு திருப்பூர் போய்ப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறானே, உனக்கும் தெரியும். "சாமி, என் மூத்தவன் வீடு வந்து சேருவானா?" என்று கேட்டுக் குலுங்கி அழுதார். அவ்வளவு பெரிய மனிதர். "வருவான்டா, வார பௌர்ணமிக்குள்ள வருவான்" என்று சொன்னேன். என்னை யார் பௌர்ணமி வரைக்கும் போகச் சொன்னது? சொல்லி முடித்ததும் வயிறு பொங்கிவிட்டது. எட்டிப் போகக் கால் வரவில்லை. உன் சீர் தட்டின் மேலேயே எடுத்துவிட்டேன். பட்டுப்பாவாடை மேலே.

குலவை நின்றது. "சாமி எங்கிட்டு வாந்தி எடுக்கும்? இது பாட்டில் சாமில்ல" என்று போனில் வீடியோ எடுத்துக்கொண்டே நாகராசு சொன்னான். வாடை இல்லையே என்று யாரோ எனக்காகப் பேசினார்கள். "வாடை வராத சரக்கெல்லாம் இருக்கு, மாமாவுக்குத் தெரியாததா" என்றான். சிரித்தார்கள். சம்பந்தி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். தாய்மாமன் மடியில் குத்த வேண்டிய இடது காதை அப்பன் வழித் தாத்தா மடியில் வைத்துக் குத்தினார்கள். உன் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் வேன் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடிதான் காரணம் என்று சொன்னேன். "கண்ணாடி மாட்டுனா குடிச்ச மாதிரி ஆகுமாடா?" என்று அவளே மாட்டிப் பார்த்தாள். அதில் மீன்தான் வந்தது. எனக்கு ஒன்றும் சுற்றவில்லையே என்றாள். காரைப் போட்டுக் காட்டுகிறேன் அக்கா என்று கெஞ்சினேன். "நீ காட்டுனது போதும்" என்று கண்ணாடியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

உன் அப்பா இறந்த வருஷம் அதே கருப்பர் கோயிலில் அவள் என் கையில் கயிறு கட்டினாள். இனி குடிக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கித்தான் கட்டினாள். இப்போது, பௌர்ணமி அன்று கோயிலுக்கு வந்து அந்தக் கயிற்றை அவிழ்த்துச் சாமியிடம் கொடுத்துவிட வேண்டும், அதற்குப் பிறகு வாசப்படி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அவிழ்த்தால் குடித்தேன் என்று ஆகிவிடும். அவிழ்க்காவிட்டால் அக்கா இல்லை. கயிறு கட்டிய நாளிலிருந்து நான் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. லாரி, காஷ்மீர், நூறு தட்டு எல்லாவற்றிலும் கூட்டியிருக்கிறேன். இதில் கூட்டவில்லை. ஆனால் கருப்பர் பேரைச் சொல்லிப் பொய் பேசிய வாய், குடிக்கவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நானே நம்ப மாட்டேன்.

அந்தப் பட்டனைப் பற்றித் தெரிந்தவன் நீ ஒருவன்தான். இந்தக் காகிதம் கிடைத்த அன்றே உன் அம்மாவுக்குப் போன் போடு. கடலுக்கும் காருக்கும் என்ன வித்தியாசம் என்று அவளுக்குப் புரியும்படி சொல். தொடாதே என்று நீ சொல்லியும் நான் தொட்டேன் என்பதையும் சொல். முந்தின மாதம் வெயில் என்று அவளிடம் சொன்னது பொய் என்றும் சொல்.

சாமி வரவில்லை என்பதை மட்டும் நீ சொல்ல வேண்டாம். அது என் வேலை. நாளைக் காலை பஸ்ஸில் அரிமளம் போகிறேன். அந்த மனிதர் மகன் வருவான் என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் நான் என்ன செய்வேன்? காலில் விழுந்து சொல்லிவிட்டு வருகிறேன். அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன். முடிந்தால், திருப்பூரில் அந்தப் பையன் எங்கே இருக்கிறான் என்று உன் சிநேகிதர்களிடம் விசாரி. நான் நேரில் போய்க் கூப்பிட்டுப் பார்க்கிறேன். வருவான் என்று இனி யாருக்கும் சொல்ல மாட்டேன்.

உன் மடியில் குத்த வேண்டிய காதுக்கு நான் பதில் சொல்ல முடியாது. உனக்கு ஒரு பிள்ளை பிறந்து அதற்குக் காது குத்துகிறபோது, கூட்டத்தின் கடைசியிலாவது நிற்கிறேன். நீ ஆயுசோடும் சுகத்தோடும் இருக்க வேண்டும். அம்மாவிடம் பேசும்போது நடந்ததை மட்டும் சொல், மாப்பிள்ளை. எனக்காக ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லாதே.

இப்படிக்கு
உன் மாமன்
மு. சேவுகன்