கமலா மேல் போட்ட பழி

1940 மாசி 9, வெள்ளி

தூக்கம் வரவில்லை. நண்பன் இராசன் இன்று மோட்டார் சைக்கிளில் தனியாகப் போய்விட்டான். தலைமன்னாரில் கப்பல் ஏறி, தனுஷ்கோடியிலிருந்து பெஷாவர் வரை இருவரும் மாறி மாறி ஓட்டிப்போவதாக இரண்டு வருடமாகத் திட்டம் போட்டிருந்தோம். யுத்தத்தால் பெற்றோல் இல்லாமல் போகுமுன் புறப்படவேண்டும் என்று அவன் அவசரப்பட்டான்.

காலையில் வாசல் படலையில் வந்து ஹோர்ன் அடித்தான்.

“என்னால ஏலாது மச்சான். கமலா விடமாட்டன் எண்டு நிக்கிறா” என்றேன்.

அவன் நேற்றே மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிவைத்திருந்த என் பையை அவிழ்த்துக் கையில் தந்துவிட்டுப் போனான்.

குசினியில் மனைவி கமலா எனக்கு வழிக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது.

“நான் எப்ப உங்களை மறிச்சனான்?”

பையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டேன். போன மாதம் கந்தளாய் ரோட்டில் ஓட்டிப் பழகியபோது ராணுவ லொறி ஒன்று என்னை உரசிக்கொண்டு போனது. அன்றிலிருந்து ஹாண்டிலைப் பிடிக்கவே பயமாக இருக்கிறது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

இராசன் வழிநெடுக அவளைத்தான் திட்டுவான். உண்மையை எழுதலாம் என்றால், பெஷாவர் போய்ச் சேரும்வரை அவனுக்கு விலாசம் இல்லை.

கமலா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். அவளுக்காவது இப்போதே சொல்லவேண்டும். அவளும் தூங்கவில்லை.